ரெண்டு மீட்டர் வீடு

அகதா வெளியே கிளம்பும்போதெல்லாம் மீட்டர்ப் பெட்டியைத் திறந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். பத்தாங் பெர்ஜுந்தாய் பாசாருக்குச் சாமான் வாங்கப் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாலும் சரி, அவள் திரும்பி வரும்வரை அந்தக் கூரையின் கீழே விளக்கு எரியாது, காற்றாடி சுற்றாது. யாராவது கேட்டால், "நா இல்லாதப்ப வயரு சூடாயி வீடு பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்பாள்.

பற்றி எரிந்துவிடுமோ என்ற பயமெல்லாம் அவளுக்கு இல்லை. கூரையின் மறுகோடியில் குடியிருந்த கொழுந்தன் பெண்டாட்டி லில்லியன் ஒரு பழைய ஐஸ்பெட்டி வாங்கி வைத்த நாளிலிருந்துதான் இந்தப் பழக்கம்.

வீடு பெரியவர் சூசைமுத்து கட்டியது. செம்பனைத் தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் மண்டோராக இருந்து வேலையை விட்ட கையோடு, ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய ஈயலம்பக் குட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, இடுப்பளவு செங்கல்லும் அதற்கு மேல் பலகையுமாக எழுப்பி, நீளமாகத் தகரம் போட்டார். இடது பக்கம் மூத்தவன் காப்ரியலுக்கு. வலது பக்கம் இளையவன் இன்னாசிக்கு. நடுவில் ஒரு கூடம். கூடத்திலிருந்து இரண்டு பக்கமும் கதவு, பின்னால் பொதுவான அடுப்படி. "ரெண்டு பேரும் என்னத் தாண்டித்தான் போவணும், என்னத் தாண்டித்தான் வரணும்" என்று அப்போது சொல்லிச் சிரித்தார். பெண்சாதி போய்ச் சேர்ந்து, ஒருநாள் காலையில் பசியாற உட்கார்ந்தவர் வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டு விழுந்த பிறகு, அந்தக் கூடத்துக் கட்டிலே அவருக்கு உலகம் என்றாகிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சு குழறும். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது.

மீட்டர் காப்ரியல் பேரில் இருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியோட்டி அவன். மில்லுக்கும் தோட்டத்துக்குமாக அலைந்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றினால் உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு வாடை அடிக்கும். வீட்டு விவகாரம் எதிலும் தலையிடமாட்டான். இன்னாசி தோட்டத்தில் குலை வெட்டினான். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை நாள் முழுக்க அண்ணாந்து பிடித்துப் பிடித்து, ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியாமல் படுப்பான். அவனும் தலையிடமாட்டான். ஆகக்கூடி, அந்த வீட்டில் தலையிட்டவர்கள் இரண்டு பெண்கள்தான்.

லில்லியன் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவள். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து புல்லுக்கு அடித்ததில் கைவிரல் நகமெல்லாம் கறுத்து உதிர ஆரம்பித்ததும் வேலையை விட்டாள். அதன் பிறகு பிடித்த பிழைப்புத்தான் ஐஸ். சிவப்புப் பாகான சீராப்பைத் தண்ணீரில் கலக்கி, புளிப்புக்கு அசாம் பூ என்கிற உலர்ந்த பழத்தைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றி, விரல் அகலப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி முடிச்சுப் போட்டு ஐஸ்பெட்டியில் அடுக்குவாள். மறுநாள் தமிழ்ப் பள்ளி விடும் நேரத்துக்குச் சாலையோரம் வாளியோடு உட்கார்ந்தால் பிள்ளைகள் மொய்த்துவிடும்.

இது அகதாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பொட்டி போட்டதுலேருந்து மீட்டரு காத்தாடி மாரி சுத்துது. யாரு பேருல பில்லு வருது? எங்க வீட்டுக்காரரு பேருலதான?" என்று கூடத்தில் நின்று, சுவருக்குச் சொல்வதுபோலச் சொல்வாள்.

"நாங்கதான் பாதி குடுக்கறோமே அக்கா."

"பாதியா? ஐஸ்பொட்டி தின்றதுக்கும் பாதி, என் வீட்டு ரெண்டு பல்பு தின்றதுக்கும் பாதியா? நல்லாருக்குலா ஒங் கணக்கு."

பெரியவர் கட்டிலில் படுத்தபடி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார். அவர் வார்த்தை உருவாகி வருவதற்குள் இரண்டு கதவும் அறைந்து சாத்தப்பட்டிருக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷம், வெயில் தீயாக எரிந்த ஒரு மாதம். தமிழ்ப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். தலைமையாசிரியர் ஆளனுப்பி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஐஸ் வேண்டும் என்று லில்லியனிடமே சொன்னார். அப்படியொரு கிராக்கி அவளுக்கு அதுவரை வந்ததில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பை கட்டினாள். ஐஸ்பெட்டியின் வயிறு நிறைந்து, மீதியைச் செருகி வைக்க இடமில்லாமல் மீனுக்கும் இறைச்சிக்கும் உள்ள தட்டையெல்லாம் காலி செய்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் அகதா தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டாள். பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூடத்தைத் தாண்டும்போது லில்லியன் ஓடிவந்து வழியை மறித்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒருநா மட்டும் கட்டையப் புடுங்காதீங்கக்கா. பள்ளிக்கூடத்துக்கு ஐஸ் போட்டு வெச்சிருக்கேன். ஒங்க கால்ல வேணும்னாலும் உழுவுறேன்."

"ஏன் புள்ள, கல்யாணத்துக்குப் போறப்ப கால்ல உழுவறேன்னு நிக்கிற? சகுனத் தடையால்ல இருக்கு" என்று அகதா விலகி நடந்தாள். பஸ் கிளம்பிப் போன பிறகு லில்லியன் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினாள். காற்றாடி அசையவில்லை.

ஐஸ்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் குளிர் நிற்கும் என்று நினைத்தாள். கோணிச் சாக்கை மடித்து அதன் மேல் போர்த்தினாள். மத்தியான வெயிலில் தகரம் பட்பட்டென்று வெடித்தது. சாயங்காலம் சாக்குக்குக் கீழே சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு சீராப்புத் தண்ணீர் ஓடியது. ஓடிக் கூடத்து வாசல் வரைக்கும் வந்து தேங்கியது. எறும்பு எங்கிருந்துதான் வந்ததோ, கறுப்பாக மொய்த்துவிட்டது.

லில்லியன் துடைக்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய்ப் பெரியவரின் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"மாமா, இந்த வூட்டுல எனக்கு ஒரு மூச்சுக் காத்துகூடச் சொந்தமில்ல. அவுங்க திறந்தாத்தான் காத்து, அவுங்க மூடுனா இருட்டு. எனக்கு ஒரு மீட்டரு வேணும் மாமா. நெலம் ஒங்க பேருல இருக்கு. நீங்க கைநாட்டு வெச்சாத்தான் நடக்கும். இல்லன்னா சொல்லிருங்க, இந்தக் குட்டையில போயி உழுந்துர்றேன்."

பெரியவர் இடது கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

"அழா... த" என்றார். "வெக்கி... றேன்."

கோலா சிலாங்கூரில் லெட்ரிக் ஆபீஸ் ஆற்றங்கரைப் பக்கம் இருந்தது. லில்லியன் இன்னாசியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். பெஞ்சியில் வெகுநேரம் காத்திருந்தார்கள். கவுண்டரில் எழுதிக்கொண்டிருந்தவர் மகாதேவா என்ற யாழ்ப்பாணத்துக் கிராணி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. இவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இஞ்ச பாரும் தம்பி, ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர்தான். ரெண்டு குடும்பம் இருக்கிறது, ரெண்டு அடுப்பு எரியுது எண்டதெல்லாம் எங்களுக்குக் கணக்கில்லை. கூரை ஒண்டெண்டால் வீடு ஒண்டு."

"அப்ப வழியே இல்லீங்களா ஐயா?" என்றாள் லில்லியன்.

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வழி இருக்குது பிள்ளை, அழ வேண்டாம். நடுவிலே சுவர் வைக்க வேணும். நிலத்திலயிருந்து கூரைத் தகரம் மட்டும் கல்லுச் சுவர். அதிலே கதவு, ஜன்னல், ஒரு ஓட்டை இருக்கப்படாது. உள்ளுக்குள்ளாலே ஒருத்தர் வீட்டிலயிருந்து மற்றவர் வீட்டுக்குப் போக ஏலாது எண்டால், அப்பதான் ரெண்டு வீடெண்டு நாங்கள் எடுப்பம். காணிக்காரர் சம்மதம் வேணும். எங்கட ஆள் வந்து பார்ப்பார்."

"நடுவுல ஒரு கூடம் இருக்குங்க. அப்பா படுத்துருக்காரு" என்றான் இன்னாசி.

"அது உங்கட பக்கமோ, தமையன்ட பக்கமோ?"

இன்னாசி லில்லியனைப் பார்த்தான். "பொதுங்க ஐயா."

"பொது எண்டு ஒண்டு எங்களிட்ட இல்லைத் தம்பி" என்றார் மகாதேவா. "ஏதோ ஒரு பக்கம் சேர்த்துவிடுங்கோ. சேர்ந்த பக்கத்துக் கரண்ட் அந்த அறைக்கும் ஓடும். ஒரு காணிக்கு ரெண்டு மீட்டருக்கு மேல தரமாட்டினம். அதை ஞாபகம் வைச்சிருங்கோ."

வரும்போது லில்லியன் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து இன்னாசி பார்த்ததில்லை. ரொட்டி ஒன்று வாங்கிப் பிட்டுப் பிட்டுத் தின்றாள், அவனுக்கும் கொடுத்தாள். அந்தக் கூடத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மறுவாரம் பெரியவர் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். லில்லியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சண்டை... வாணாம்" என்றார் அவர். "அது போதும்."

சுவர் என்றதும் அகதா குதிப்பாள் என்று லில்லியன் எதிர்பார்த்திருந்தாள். அகதா குதிக்கவில்லை. சந்தோஷப்பட்டாள். "நல்லதாப் போச்சு. அவுங்க மூஞ்சில நா முழிக்க வேணாம், எம் மூஞ்சில அவுங்க முழிக்க வேணாம்" என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு, சிறிது யோசித்து, அடுத்த வார்த்தையைப் போட்டாள்.

"சொவரு எங்க பக்கத்து ஓரத்துல வரணும். கூடம் அவுங்களுக்கு. மீட்டரு கேட்டது அவதான? மாமனையும் அவளே வெச்சுக்கட்டும்."

கொத்தனார் மணலும் செங்கல்லும் கொண்டுவந்து வாசலில் கொட்டிய காலையில் இந்தப் பேச்சு வெடித்தது. சண்டை கூடத்திலேயே நடந்தது, பெரியவர் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு.

"மூத்த மவன் இருக்க எளையவன் வூட்டுல அப்பன் கெடப்பாரா? ஊரு சிரிக்காது?" என்றாள் லில்லியன்.

"ஊரு சிரிச்சா ஒனக்கென்ன? கூடமும் சேந்து வருதுல்ல. ஒரு ரூம்பு லாபம்தான?"

"அப்ப அந்த லாபத்த நீங்க எடுத்துக்குங்கக்கா. நாந்தான் வேணாங்கறேன்ல."

"நானும் இத்தன வருஷமா மூத்திரத் துணி அலசிட்டேன் லில்லி. எங் கையப் பாரு. இனிமே ஒன் மொற."

"அத்தான், நீங்க பேசுங்க" என்று லில்லியன் காப்ரியலைப் பார்த்தாள். காப்ரியல் லோரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "நேரமாச்சு, மில்லுல வண்டி லைனு நிக்கும்" என்று புறப்பட்டுவிட்டான்.

பெரியவர் எதையோ சொல்ல முயன்றார். "எங்க... எங்கயாச்சும்..." என்பதுதான் கேட்டது.

கொத்தனார் ஒரு கங்காணியைப்போல இடுப்பில் கை வைத்து நின்றார். "எனக்கு ஒண்ணு வெச்சாலும் கூலி, ரெண்டு வெச்சாலும் கூலி. எந்த ஓரத்துல நூலு புடிக்கட்டும்?"

"எங்க ஓரத்துல புடிங்க" என்றாள் அகதா.

அன்று அகதா பக்கத்துக் கதவு அடைபட்டது. மறுநாள் காலையில் கொத்தனார் வந்தபோது லில்லியன் தன் பக்கத்துக் கதவருகே நின்றாள். ராத்திரி அவள் தூங்கவில்லை. இந்தக் கதவு திறந்திருக்கிறவரை கஞ்சி ஊட்டுவதும், புரட்டிப் போடுவதும், பீத்துணி அலசுவதும் சாகிறவரை தன் தலையில்தான் என்பதும், அந்தச் சமயமெல்லாம் அகதா காற்றாடிக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள் என்பதும் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பெரியவரை அவள் வெறுக்கவில்லை. அகதா ஜெயித்துவிடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இங்கயும் ஒரு சொவரு வைங்க" என்றாள்.

கொத்தனார் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தார். "அம்மா, இதையும் அடச்சுட்டா பெரியவரு தனியால்ல கெடப்பாரு?"

"தெருவப் பாத்து வாசக்கதவு இருக்குல்ல. ரெண்டு பேரும் அந்த வழியா வந்து சோறு குடுத்துட்டுப் போறோம். ஒருநா அவுங்க, ஒருநா நாங்க."

இன்னாசி கூரிய குரலில், "லில்லி, வேணாம். நம்ம பக்கம் கெடந்துட்டுப் போறாரு. எங்கப்பன்தான்" என்றான்.

"ஒங்கப்பன்தான். நீங்க வேலைய விட்டுட்டு உக்காந்து பாத்துக்கறீங்களா?"

அவன் அரிவாள் கம்பை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு வேலைக்கு நடந்தான்.

கொத்தனார் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் லில்லியனைப் பார்த்தார். லில்லியன் கொத்தனாரிடம், "அடைங்க" என்றாள்.

இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்துத் தனித்தனி வாசல் வெட்டி, பின்னால் இருந்த பொது அடுப்படியையும் பிரித்தெடுத்தார்கள். லில்லியன் தன் பங்குக்குப் புது அடுப்படி கட்டிக்கொண்டபோது அதன் சுவர் கூடத்துப் பின் ஜன்னலை மூடிக்கொண்டது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. இடம் அவ்வளவுதான் இருந்தது.

சிமெண்டு காய்ந்த பிறகு லெட்ரிக் ஆபீஸிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார், கூரை வரை அண்ணாந்து பார்த்தார், தலையை ஆட்டினார். புது மீட்டர் லில்லியன் பக்கத்துச் சுவரில் ஏறியது. பிறகு கூடத்து முன்கதவு வழியாக எட்டிப் பார்த்தவர், பழைய வயர் ஒன்று அகதா பக்கத்திலிருந்து கூரை வழியாகக் கூடத்துக்கு வந்திருப்பதைக் கண்டார். ஒரு மீட்டர்க் கரண்ட் அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது என்று சொல்லி அதை அங்கேயே வெட்டினார். கூடத்துப் பல்பும் காற்றாடியும் அத்தோடு நின்றன.

இன்னாசி கையைப் பிசைந்துகொண்டு, அந்த அறைக்கு மட்டும் ஒரு சின்ன மீட்டர் தர முடியாதா என்று கேட்டான்.

"டுவா சாஜா லா, பாங்" என்றார் அவர், இரண்டுதான் என்று விரலைக் காட்டி. வேண்டுமானால் ஏதாவது ஒரு சுவரில் கதவு வைத்துக்கொள்ளுங்கள், அறை அந்த வீட்டோடு சேர்ந்துவிடும், விளக்கும் வந்துவிடும் என்று மலாயில் விளக்கினார். காப்ரியல் தரையைப் பார்த்தான். இன்னாசி லில்லியனைப் பார்த்தான். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு லில்லியன் ஐஸ்பெட்டியைத் துடைத்துச் சுவிட்சைத் தட்டினாள். பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

பெரியவரின் அறைக்கு முன்கதவு ஒன்றே வெளிச்சம். அதைச் சாத்தினால் பகலிலும் கும்மென்று இருட்டும். திறந்து வைத்தால் கோழியும் நாயும் நுழையும், மழைச் சாரல் கட்டில் வரை அடிக்கும். ஆகையால் அது பெரும்பாலும் சாத்தியே கிடந்தது. எதிர்வீட்டுச் சின்னத்தாய் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள், ஆளில்லாத ஒற்றைக் கட்டை. அவள் மனசு கேட்காமல் ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் தண்ணீர்க் குவளைக்கு இடது கையை நீட்டும்போது விளக்கைத் தட்டிவிட்டார். பாயோரம் கருகியதோடு போயிற்று. அகதா விளக்கை எடுத்துச் சின்னத்தாயின் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

"வெளக்குக் குடுக்கறன்னு எங்க ரெண்டு வூட்டையும் கொளுத்திப்புடாத" என்றாள்.

இன்னாசி ஒருமுறை, ஒருமுறைதான், கையில் வயரும் பல்புக் கூடுமாக வந்து கூரைத் தகரத்துக்கு அடியில் ஓட்டை தேடினான். லில்லியன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள்.

"எறங்குங்க. அவ பாத்துட்டு ஆபீஸுக்குப் போயிச் சொன்னா நம்ம மீட்டரக் கழட்டிட்டுப் போயிருவான். அதுக்கா இம்புட்டுப் பாடு பட்டேன்?"

"லில்லி, அவரு இருட்டுல கெடக்காருடி."

"அவருக்குப் பொஸ்தகம் படிக்கணுமா? எறங்குங்கன்னா."

அவன் இறங்கினான்.

சோறு முதலில் ஒழுங்காகப் போயிற்று. அகதா முறை, லில்லியன் முறை. பிறகு, யார் முறை என்பதில் சந்தேகம் வந்தது. விசேஷம், காய்ச்சல், மழை என்று ஒருத்தி விட்டுவிட்டால் அடுத்தவள், "அது அவ நாளு, நா ஏன் போவணும்?" என்று இருந்துவிடுவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, கேட்டுக்கொள்ள வழியில்லை. இருட்டில் தட்டை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் கட்டிலோரம் வைத்துவிட்டு, மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு திரும்புவார்கள். போன தட்டு திரும்பி வராவிட்டால் புதுத் தட்டு.

லில்லியன் புது அடுப்படியில் சீராப்புக் காய்ச்சும்போது சுவரில் சத்தம் கேட்கும். பொத்து, பொத்து என்று உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். முன்பு கதவு இருந்த இடத்தில், பெரியவர் கட்டிலை ஒட்டிய சுவரிலிருந்து வரும். முதலில் அவள் காதை வைத்துக் கேட்டாள். "லில்லி... ம்மா" என்பதுபோலக் கேட்டது. தண்ணீர் கேட்கிறாரோ என்று நினைத்தாள். வெளியே போய், முன்வாசலைச் சுற்றி, கதவைத் திறந்து போக வேண்டும். அன்று அகதாவின் முறை. அடுப்பில் சீராப்பு பொங்கிக்கொண்டிருந்தது. அவள் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் கை தானாக ரேடியோவுக்குப் போயிற்று. கொஞ்சநாளில் ரேடியோ காலையிலிருந்தே பாட ஆரம்பித்தது.

மழைக்காலம் பிடித்து, குட்டை நிரம்பிச் சாலை வரை தண்ணீர் வந்திருந்த ஒரு காலையில், சின்னத்தாய் கொட்டாங்கச்சியில் சுடுகாப்பியோடு போய்க் கதவைத் தள்ளினாள். சிறிது நேரத்தில் வெளியே வந்து, மழையில் நின்றபடியே இரண்டு வீட்டு வாசலையும் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏ அகதா! ஏ லில்லி! ரெண்டு பேருல யாராச்சும் வாங்க. பெரியவரு போயிட்டாரு!"

எப்போது போனார் என்பது யாருக்கும் தெரியவில்லை. முந்தின நாள் அகதா முறை என்று லில்லியன் நினைத்திருந்தாள். லில்லியன் முறை என்று அகதா நினைத்திருந்தாள்.

சின்னத்தாயும் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேரும் வாசலோரம் வந்த வெளிச்சத்தில் உடம்பைக் கழுவினார்கள்.  முதுகைத் திருப்பியபோது ஒருத்தி மட்டும், "ஏசுவே" என்றாள். வெள்ளை வேட்டி கட்டி, சட்டை போட்டு, கையில் செபமாலையைச் சுற்றி, அறை நடுவில் பெஞ்சியில் கிடத்தினார்கள். மத்தியானத்துக்கு மேல் மழை இன்னும் வலுத்தது. அறை கிணறு மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது.

காப்ரியலுக்கு அப்போதுதான் பொறுப்பு வந்தது. பழைய தோட்டத்திலிருந்து ஜனங்கள் லோரியில் வருகிறார்கள், சாமியார் வருகிறார். அப்பா இருட்டில் கிடக்கலாமா? லோரிக் கூட்டாளியை அனுப்பி இரண்டு நீள டியூப் விளக்கு வாங்கிவரச் சொன்னான். தன் வீட்டிலிருந்து ஒரு வயரை முன்வாசல் வழியாக இழுத்தான். அதைப் பார்த்த இன்னாசியும் தன் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்தான். இன்று எந்த ஆபீஸ்காரன் வந்து கேட்கப்போகிறான்? தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று கட்டித் தொங்கவிட்டு, அண்ணன் தம்பி இரண்டு பேரும் லோரியை எதிர்பார்த்துச் சாலை முனைக்குக் குடையோடு ஓடினார்கள்.

அகதாவும் லில்லியனும் அவரவர் வீட்டுக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு, அவரவர் வாசல் வழியாக வெளியே வந்து, ஒரே நேரத்தில் கூடத்து முன்கதவில் அறைக்குள் நுழைந்தார்கள்.

வெள்ளை வெளிச்சம் அறையை மூலை முடுக்கெல்லாம் நிரப்பியிருந்தது. அந்த அறையை அவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

கட்டிலுக்கு அடியில் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. சோறு கறுத்து, பூசணம் பூத்து, கரப்பான் ஊர்ந்தது. சுருட்டி மூலையில் தள்ளியிருந்த பாயில் தோல் தோலாக எதுவோ ஒட்டியிருந்தது. லில்லியன் பக்கத்துச் சுவரில், பூசாத சிமெண்டில், முன்பு கதவு இருந்த இடத்தில், படுத்தவாக்கில் கை எட்டுகிற உயரத்துக்கு, குழம்பும் சோறும் அழுக்குமாகக் காய்ந்த இடது உள்ளங்கைத் தடம். ஒன்றல்ல. ஒன்றன் மேல் ஒன்றாக, சிமெண்டே தெரியாதபடி.

லில்லியன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருப்பாள். அதற்குள் சாலையில் லோரி வந்து நிற்கிற சத்தமும், பின்பலகையைத் தட்டித் திறக்கிற சத்தமும், பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டு இறங்குகிற சத்தமும் கேட்டன.

அகதா அவள் முழங்கையைப் பிடித்தாள். சுவர் வைத்த நாளிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"லில்லி" என்றாள், கிசுகிசுப்பாக. "அணைச்சிரு."

"அக்கா..."

"ஒன்னுத நீ அணை. என்னுத நா அணைக்கறேன். ஓடு."

இருவரும் ஓடினார்கள். ஒரு பக்க விளக்கு போயிற்று, உடனே மறு பக்க விளக்கும் போயிற்று. அகதா கோயிலில் வாங்கி வைத்திருந்த மெழுகுவர்த்திக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லில்லியன் தட்டுகளைக் காலால் உள்ளே தள்ளி, கட்டில் மேல் ஒரு போர்வையைத் தரைவரை தொங்கவிட்டாள். தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு என்று மெழுகுவர்த்தியை ஏற்றி நிறுத்தினார்கள். முகம் மட்டும் தெரிந்தது. சுவர் தெரியவில்லை. கூட்டம் உள்ளே வந்தபோது இருவரும் கால்மாட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

சின்னத்தாய் வாசற்படியில் நின்றாள். மேலே தொங்கிய டியூப் விளக்குகளைப் பார்த்தாள். அவை எரிந்ததை எதிர்வீட்டிலிருந்து அவள் பார்த்திருந்தாள்.

"ஏன் புள்ளைவளா," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி, "இன்னிக்காச்சும் அந்த வெளக்கப் போடக் கூடாதா?"

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அகதா மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"மாமாவுக்கு வெளிச்சம் ஆவாது சின்னத்தாயி. கண்ணு கூசுதும்பாரு."

சின்னத்தாய் லில்லியனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆமாக்கா" என்றாள் லில்லியன். "எப்பவும் சொல்லுவாரு."